சரசரக்காத உடுப்பு: மாறாமலைப் பயணக் குறிப்புகள்

ஜனவரி 7, புதன் – நாகர்கோவில்

பையின் வாய் வழியே தெரிந்த கம்பளி ஸ்வெட்டரையும் மங்கி குல்லாவையும் பார்த்துவிட்டு, “கன்னியாகுமரிக்கா இதெல்லாம்?” என்று ரயிலில் எதிரில் இருந்த பெரியவர் கேட்டார். கேட்கக்கூடிய கேள்விதான். இந்த மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலும் பாறையும் சூரிய உதயமுமே நினைவுக்கு வரும். ஆனால் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணைந்த நான்கு தாலுகாக்களில் தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய மூன்றும் வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலைமேல் ஏறி நிற்கின்றன. மழைக்காலத்து நாளிதழ்களில் மழை அளவுப் பட்டியலைப் படிக்கிறவர்களுக்குப் பாலமோர் என்ற பெயர் பழகியிருக்கும். அந்த வட்டாரத்தில், கீரிப்பாறைக்கு மேலே உள்ள மாறாமலையில், என் நண்பரின் குடும்பத்துக்கு ஒரு கிராம்புத் தோட்டம் இருக்கிறது. மார்கழி முடிவதற்குள் அங்கே உட்கார்ந்து விடியற்காலைக் குரல்களை ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒலிப்பதிவுக்குப் போகிறவனுக்கு முதல் இடைஞ்சல் தூரத்து லாரியோ மேலே போகும் விமானமோ அல்ல. அவன் உடுத்தியிருக்கும் துணிதான். மைக்கின் உணர்திறனைக் கூட்டி ஹெட்போனை மாட்டிக்கொண்டால், முழங்கை மடங்கும்போது நைலான் உரசும் ஒலி காதுக்குள்ளேயே காகிதம் கசக்குவதுபோல் விழும். சமவெளியில் பருத்திச் சட்டையோடு உட்காருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. குளிர் சேர்ந்துகொண்டால் சங்கடம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. அசையாமல் இருந்தால் உடம்பு குளிர்ந்துவிடும்; குளிருக்கு உடுத்தினால் உடுப்பு ஓயாமல் பேசும். பறவைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பைனாகுலரைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள், உடுப்பின் ஒலியைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை என்ற குறை எனக்கு உண்டு. ஆகவே இந்தக் குறிப்புகளில் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

துணைக்கு நண்பரின் மகன் வருகிறான். பொறியியல் படிக்கிற பையன். கல்லூரிச் சுற்றுலாவாக மணாலிக்குப் போனபோது தந்தை வாங்கித்தந்த ஜெர்கினைக் கொண்டுவந்திருந்தான். வடசேரியில் ரசவடையும் சாயாவும் முடித்த பிறகு (வடை ஒன்று 12 ரூபாய், ரசத்தில் மிளகு தாராளமாக இருந்தது) மணிமேடை அருகே ஒரு துணிக்கடைக்குப் போனோம். குளிருடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கசக்கிக் காதருகே வைத்துக் கேட்டேன். “என்ன அண்ணாச்சி, துணியக் காதுல வச்சுப் பாக்கிய?” என்று விற்பனையாளர் கேட்டார். காரணத்தைச் சொன்னதும் அவர் செய்த காரியம் என்னை நெகிழ வைத்தது. அந்தப் பகுதியின் மின்விசிறியை நிறுத்தினார். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரைச் சற்று அமைதியாக இருக்கச் சொன்னார். பிறகு அடுக்கிலிருந்து ஒவ்வொரு ரகமாக இறக்கித் தாமே கசக்கிக் காட்டினார். 650 ரூபாய்க்கு ஒரு ஃப்ளீஸ் மேலுடுப்பு வாங்கினேன். அதைவிட விலை உயர்ந்ததை என் தலையில் கட்ட அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரவு விடுதி அறையில் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கையில் இருந்த துணிகளை எல்லாம் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து நகத்தால் வருடிப் பார்த்தோம். பையனின் ஜெர்கினுக்கு ஒலிமானியின் கோடுகள் சிவப்புவரை எகிறின. மழைக்கோட்டும் அதற்கு இளைத்ததல்ல. ட்ராக் பேண்ட்டை வருடியபோது ஒலி பெரிதாக இல்லை. ஆனால் நடக்கும்போது தொடையும் தொடையும் உரசி ஒவ்வொரு அடிக்கும் ஒரு சீறல் எழுந்தது. கார்டுராய் பேண்ட்டும் அதன் வரிகளால் அதே குற்றத்தைச் செய்கிறது. ஃப்ளீஸும் பழைய கம்பளி ஸ்வெட்டரும் வந்தபோதுதான் கோடுகள் பச்சையைத் தாண்டாமல் படுத்திருந்தன.

காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. காற்றையும் மழையையும் தடுக்கும் துணி வழவழப்பான இழையால் இடைவெளி இல்லாமல் நெய்யப்பட்டு, மேலே பிளாஸ்டிக் படலமும் பூசப்பட்டது. மடியும் ஒவ்வொரு இடத்திலும் அந்தப் படலம் வெடுக்கென்று புரளும். குளிர் கூடக்கூட அது விறைத்து இன்னும் அதிகமாகப் பேசும். ஆட்டுமயிரின் இழை சுருண்டது; அதன் மேற்பரப்பு செதில் செதிலானது; ஒன்றன்மேல் ஒன்று உரசினாலும் ஒலி அதற்குள்ளேயே அமிழ்ந்துபோகும். ஃப்ளீஸ் பாலியஸ்டர்தான் என்றாலும் இழைகளைச் சீவி மெத்தென்று நிமிர்த்தி வைத்திருப்பதால் கம்பளியின் குணம் அதற்கு வந்துவிடுகிறது. அமெரிக்காவின் மால்டன் மில்ஸ் ஆலை 1979இல் அதை உருவாக்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே ஆல்ப்ஸ் மலை வேட்டைக்காரர்கள் கம்பளியை நனைத்து இறுக்கிச் செய்த லோடன் என்னும் கெட்டித்துணியை உடுத்தினார்கள். காட்டில் சத்தம் போடாத துணி என்று அதற்கு இன்றைக்கும் பெயர் இருக்கிறது.

ஃப்ளீஸுக்கும் கம்பளிக்கும் பொதுவாக உள்ள குறை, காற்று ஊடுருவிப் போய்விடும் என்பது. அதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, காற்றைத் தடுக்கும் மெல்லிய நைலான் உடுப்பை உள்ளேயும் கம்பளியை அதற்கு வெளியேயும் போடுவது. கடைகளில் சொல்லித்தருவது இதற்கு நேர் எதிரான வரிசை. மழைக்கும் பனிமலைக்கும் அதுதான் சரியும்கூட. ஓரிடத்தில் ஓசையின்றி உட்கார வேண்டியவனுக்கு மட்டும் வரிசை தலைகீழாகிறது.

ஜனவரி 8, வியாழன் – தேரூர்

மலைக்குப் போகுமுன் ஒரு நாள் தேரூர்க் குளக்கரையில் கழித்தோம். கவிமணி பிறந்த ஊர். சுசீந்திரம் குளத்தையும் சேர்த்து இந்த நீர்நிலைகளுக்கு 2022இல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. விடியற்காலையில் குளிர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கமிருந்து வரும் காற்று சட்டையின் தளர்ந்த ஓரங்களைப் படபடவென்று அடித்தது. மைக்குக்கு அடர்ந்த செயற்கை மயிரால் ஆன ஒரு தொப்பி போடுவார்கள். காற்று அந்த மயிருக்குள் சிதறி வேகம் இழந்துவிடுவதால் இரைச்சல் பதிவாகாது. சட்டை விஷயத்திலும் இதே கதைதான்: மெத்தென்ற துணியாக, உடம்போடு ஒட்டினாற்போல், தொங்கும் நாடாவோ மடிப்போ இல்லாமல் இருக்க வேண்டும்.

இங்கே கூழைக்கடாக்களும் நீலச்சிறகி வாத்துகளும் மனிதர்களோடு நன்றாகப் பழகியவை. சாலையில் பேருந்து ஹாரன் அடித்தது; யாரோ டிராக்டர் ஓட்டிப் போனார்; ஒரு பெண் கல்லில் துணியை ஓங்கி அடித்துத் துவைத்தார். வாத்துக் கூட்டம் தலையைக்கூடத் திருப்பவில்லை. பையன் கை உறையைச் சரிசெய்வதற்காக ஜெர்கின் கைப்பட்டியின் வெல்க்ரோவைப் ‘பர்’ரென்று பிரித்தான். அருகில் இருந்த வாத்துகள் முழுவதும் ஒரே வீச்சில் எழுந்து குளத்தின் மறுகரைக்குப் போய்விட்டன. பழகிய பேரோசை பறவைக்கு ஒரு பொருட்டல்ல, பழகாத சிற்றோசை போதும் என்பதை அவனே கண்ணால் கண்டான். நான் விளக்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று.

வெல்க்ரோ நல்ல பொருள்தான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941இல் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது தம் நாயின் மயிரில் ஒட்டியிருந்த ஒட்டுக்காய்களை உருப்பெருக்கியில் பார்த்து, அதிலுள்ள கொக்கிகளைக் கண்டுதான் அதை உருவாக்கத் தொடங்கினார். காட்டிலிருந்து வந்த அந்த யோசனை காட்டில் பயன்படாத சத்தத்தோடு வந்திருக்கிறது. ஒவ்வொரு கொக்கியும் தனித்தனியே பிய்ந்து வரும்போது எழும் சிறு வெடிப்புகளின் தொகுதிதான் அந்தச் சத்தம். மெதுவாகப் பிரித்தால் குறையுமே தவிர ஒழியாது.

காலை உணவு புட்டும் பயறும் பப்படமும், கூடவே மட்டிப்பழம். இரண்டு பேருக்கும் சேர்த்து 140 ரூபாய். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சிறிய வாழைப்பழத்தை ஒரு கிலோ கூடுதலாக வாங்கிக்கொண்டேன். அதற்கு வேறு காரணம் உண்டு. மறைந்து உட்காருமிடத்தில் பிஸ்கெட் பொட்டலமும் சிப்ஸும் வெல்க்ரோவின் பங்காளிகள். உறையும் இல்லாமல், கடிக்கும்போது நொறுங்கவும் செய்யாமல், பசியை ஆற்றும் பண்டம் மட்டிப்பழத்தைப்போல் வேறொன்றை நான் அறியேன்.

ஜனவரி 9, வெள்ளி – கீரிப்பாறை வழியாக மாறாமலை

தடிக்காரன்கோணம் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் ரப்பர் தோட்டங்கள். இது ரப்பர் இலை உதிர்க்கும் பருவம். தரை முழுவதும் செம்பழுப்பு இலை கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. பேருந்திலிருந்து இறங்கி ஜீப்புக்காகக் காத்திருந்த நேரத்தில் தோட்டத்துக்குள் நாலடி வைத்துப் பார்த்தேன். எந்த உடுப்பும் எந்தச் செருப்பும் அங்கே உதவாது; அடி வைத்தால் அப்பளக் கடையே நொறுங்கும். பால்வெட்டு முடித்து வாளியோடு வந்த ஒரு தொழிலாளியிடம் இதைச் சொன்னபோது, அதிகாலையில் பனி நனைத்திருக்கும் வரைதான் இலை மிருதுவாக இருக்கும், வெயில் ஏறினால் ஓணான் ஓடுவதுகூட மனிதன் வருவதுபோல் கேட்கும் என்றார். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும் என்பதால், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு அந்த நேரத்தில் தினமும் நடக்கிறவர் அவர்.

சோதனைச் சாவடியில் பெயர் எழுதி, தோட்டத்து ஜீப்பில் ஏறினோம். பாதி ஏற்றத்தில் சக்கரம் பஞ்சரானது. மாற்றுச் சக்கரமும் காற்றிழந்து கிடந்தது. ஓட்டுநர் கீழே ஆள் அனுப்பிவிட்டு, இருட்டுவதற்குள் நடந்துவிடலாம் என்று சொன்னார். சுமையைப் பங்கிட்டுக்கொண்டு நடந்தோம். பையன் ஜெர்கினைக் கழற்றாமல் ஏறினான். சற்று நேரத்தில் உள்ளே பனியன் பிழியும் அளவுக்கு நனைந்தது. ஓய்வாக இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஏற்றத்தில் சுமையோடு நடக்கும்போது அது பல மடங்காகிறது. நடந்து முடித்து உட்கார்ந்தவுடன் உலை அணைந்துவிடும், வியர்வை மட்டும் மீந்து நிற்கும். நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் நடுக்கம் அப்போதுதான் தொடங்கும். குளிர் நாட்டில் நடக்கும்போது ஒரே ஒரு மெல்லிய உடுப்போடு, சற்றே குளிர்கிற மாதிரி நடப்பதும், போய்ச் சேர்ந்ததும் உள்சட்டையை மாற்றிவிட்டு மற்றவற்றைப் போடுவதும் இதனால்தான். அவனுக்கு இதை வழியிலேயே சொன்னேன். மேலே போனதும் முதல் வேலையாக அவன் பனியனை மாற்றினான்.

தோட்டத்து வீட்டை அடைந்தபோது மூடுபனி வாசற்படிவரை வந்திருந்தது. தோட்டக் காவலர் எழுபதை நெருங்கியவர். எல்லோரும் அவரைப் பாட்டா என்றே அழைக்கிறார்கள். சமையல் செய்யும் அக்கா கஞ்சியும் சிறுபயறும் சுட்ட பப்படமும் காந்தாரி மிளகுச் சம்மந்தியும் பரிமாறினார். நாங்கள் வருவது தெரிந்து அரிசியைக் கூடுதலாகப் போட்டிருந்தார். சக்கரம் பஞ்சரான விவரம் எங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அலைபேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் அது எப்படி வந்து சேர்ந்தது என்பதை அவர் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் நின்றபோது ஆந்தை ஒன்று வீட்டு முகட்டிலிருந்து எங்கள் தலைக்கு மேலேயே பறந்து போனது. விளக்கு வெளிச்சத்தில் சிறகு அடிப்பது தெரிந்தது. ஒலி சிறிதும் கேட்கவில்லை. ஆந்தையின் இறகு மேற்பரப்பு வெல்வெட்டைப்போல் மெல்லிய பூமயிர் போர்த்தியது. முன்விளிம்பில் சீப்புப் பற்களும் பின்விளிம்பில் குஞ்சமும் இருக்கும். ஓர் இறகு மற்றோர் இறகின்மேல் வழுக்கும் உரசலையும் காற்றின் இரைச்சலையும் இவை சேர்ந்து அடக்கிவிடுகின்றன. நேற்று முன்தினம் இரவு விடுதி அறையில் நாங்கள் நகத்தால் வருடிக் கண்டதை இந்தப் பறவை உடம்போடு வைத்திருக்கிறது என்று பையன்தான் முதலில் சொன்னான்.

ஜனவரி 10, சனி – மாறாமலை

காலை 4.30 மணிக்கு என் சிறிய வெப்பமானி 17 டிகிரி காட்டியது. ஊட்டியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஈரக்காற்று முகட்டைத் தாண்டி இறங்குமிடத்தில், பாறையின்மேல், அசையாமல், மணிக்கணக்கில் உட்காருகிறவனுக்கு 17 டிகிரி போதுமான குளிர்.

உடுப்பதை எல்லாம் வீட்டுக்குள்ளேயே முடித்தோம். உட்காருமிடத்தில் ஒரு ஜிப்பைக்கூட இழுக்கக்கூடாது. எனக்கு உள்ளே மெல்லிய கம்பளிப் பனியன், அதன்மேல் நைலான் காற்றுத்தடுப்பு, அதற்கும்மேல் தளர்வான பழைய ஸ்வெட்டர். நைலான் உடுப்பின் கழுத்தை உள்ளுக்கு மடித்துவிட்டேன், தாடையில் உரசினால் அது நேரே காதுக்கு ஏறும் என்பதற்காக. பையன் ஜெர்கினுக்கு மேலே தன் தந்தையின் பழைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டான். ஜெர்கினின் தலைமூடியைக் கழற்றி எடுத்துவிட்டோம். தலைமூடி காதை ஒட்டியே சரசரப்பதால், அதைப் போட்டிருக்கிறவனுக்கு முதலில் கேட்காமல் போவது காடு. ஜிப் முனைகளில் தொங்கும் உலோக நாக்குகளைத் துணிநூலால் சுற்றினோம். சட்டைப் பையிலிருந்த சாவியும் சில்லறையும் மேசைமேல் தங்கின. எவர்சில்வர் புட்டியைத் துண்டில் பொதிந்து, மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்தேன்.

பாட்டா வந்து நின்ற கோலத்தைப் பார்த்தபோது இவ்வளவு ஏற்பாட்டுக்கும் அவரிடம் விடை தயாராக இருந்தது தெரிந்தது. காக்கிச் சட்டை, முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளி ஸ்வெட்டர், மடித்துக்கட்டிய சாரம், தலையில் துவர்த்து (துண்டு), தோளில் ஒரு கறுப்புக் கம்பளிப் போர்வை. அவருடைய உடுப்பில் ஜிப்பும் இல்லை, பக்கிளும் இல்லை, வெல்க்ரோவும் இல்லை. உட்காரும்போது போர்வையை மேலே விரித்துக்கொண்டால் உள்ளே கை அசைந்தாலும் வெளியே கேட்காது, தெரியவும் தெரியாது.

ஆனால் அவர் நடந்த விதம் நான் எதிர்பாராதது. வெளிச்சம் லேசாகப் பரவும்வரை வாசலைத் தாண்டவிடவில்லை. பிறகு முன்னால் நடந்தவர், வெட்டுக்கத்தியின் பக்கவாட்டால் வழியிலுள்ள மரங்களைத் தட்டிக்கொண்டும், கனைத்துக்கொண்டும், யாரோ எதிரில் இருப்பதுபோல் பேசிக்கொண்டும் போனார். ஓசையில்லாமல் நடக்கத்தான் இவ்வளவும் உடுத்தியிருக்கிறோம் என்று நான் சொன்னேன். அவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

“நடக்கையில சத்தம் வேணும் மக்களே. ஆனைக்கு நாம வாற விவரம் தெரியணும்லா? இருந்தாச்சுன்னா மூச்சுகூட கேக்கப்பிடாது.”

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் இந்த இரண்டு வரிகள்தான். இங்கிருந்து தொடங்கும் காடு 2008இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானையும் கரடியும் தோட்டத்து எல்லையை மதிப்பதில்லை. வளைவில் திடீரென்று மனிதனைக் காணும் கரடி ஓடுவதற்குப் பதில் பாய்ந்துவிடும். ஓசையற்ற உடுப்பை உடுத்தி, பனி நனைத்த இலைமேல், காற்றுக்கு எதிராக நடந்து போகிறவன் தன்னையும் அந்த விலங்கையும் ஒருசேர ஆபத்தில் வைக்கிறான். குளிருடுப்பு விற்கும் நிறுவனங்கள் ஓசையின்மையை ஒரு சிறப்பாக எழுதும்போது, பனிநாட்டு வேட்டையாளரை மனத்தில் வைத்து எழுதுகின்றன. யானை நடமாடும் மலையில் உடுப்பு பேசாததால் வாய் பேச வேண்டியிருக்கிறது. இதை ஒவ்வொரு பறவை நோக்கரும் மலைக்குப் புறப்படுமுன் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

உட்காரும் பாறை வீட்டிலிருந்து தொலைவில்லை. முதுகுக்குப் பின்னால் செங்குத்துச் சரிவு, முன்னால் கிராம்பு மரங்கள், அதற்கப்பால் ஓடை. எதுவும் பின்னாலிருந்து வராத இடமாகப் பாட்டா தேர்ந்தெடுத்திருந்தார். கோணிச்சாக்கை நான்காக மடித்து அடியில் போட்டோம். பாறை உடம்புச் சூட்டை விடாமல் இழுக்கும் என்பதால் எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் இருக்கைக்குக் கீழே ஒன்று வேண்டும். முகாமுக்கு விற்கும் ரப்பர் பாய்கள் பாறையில் உரசிக் கீச்சிடுகின்றன, சாக்கு அப்படிச் செய்வதில்லை.

முதலில் காட்டுக்கோழி கூவியது. ஓடைக்கு அப்பாலிருந்து கருமந்தி ஒன்று அடிவயிற்றிலிருந்து முழங்கியது. மற்றொரு மலையிலிருந்து அதற்குப் பதில் வந்தது. துடுப்புவால் கரிச்சான் தன் குரலையும் பிறர் குரலையும் மாறிமாறிப் பாடியது. ஹெட்போனில் இவற்றுக்கு இடையே என் மூச்சைத் தவிர வேறு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் தொண்டையில் அரிப்பு தொடங்கியது. குளிர்ந்த ஈரக்காற்றை வாயால் இழுத்தால் இருமல் வரும். எவ்வளவு நல்ல உடுப்பும் அதைத் தடுக்காது. பாட்டா போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி இரண்டு கிராம்பை என் உள்ளங்கையில் வைத்தார். இந்தத் தோட்டத்திலேயே விளைந்து காய்ந்தது. தண்டு நீண்டு, தலையில் உருண்டை உடையாமல், நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும் அளவுக்குக் கொழுத்திருந்தது. கடைவாயில் ஒதுக்கிக் கடித்ததும் நாவும் தொண்டையும் மெல்ல மரத்து, அரிப்பு அடங்கியது. கிராம்பிலுள்ள யூஜினால் பல் வைத்தியர்களும் மரத்துப்போகச் செய்யப் பயன்படுத்தும் பொருள்.

வெயில் முகட்டைத் தொடும் நேரத்தில் ஒரு பெட்டை மிளா (கடமான்) குட்டியோடு கிராம்பு மரங்களுக்கிடையே வந்தது. நாற்பது அடி தூரம்கூட இருக்காது. தாயின் இரண்டு காதுகளும் தனித்தனியே, ஒன்று ஓடைப் பக்கமும் ஒன்று எங்கள் பக்கமுமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மான் இனங்களுக்கு மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதிகளும் கேட்கும். நைலான் உரசலில் அந்தச் சுருதிகளும் இருக்கும். பையனின் கட்டைவிரல் அலைபேசியை நோக்கி நகரத் தொடங்கியதையும், நகர்ந்த விரல் அங்கேயே நின்றுவிட்டதையும் நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் அதை எடுக்கவில்லை. மிளா இலை பறித்து மெல்லும் ஒலி, குட்டி மூக்கைச் சீறும் ஒலி, ஈரத்தரையில் குளம்பு அமிழும் ஒலி, எல்லாம் பதிவாகியிருக்கின்றன. கடைசியில் எங்களைக் காட்டிக்கொடுத்தது ஒலி அல்ல, வாடை. வெயிலில் சரிவு சூடேறி, காற்று எங்கள் முதுகிலிருந்து ஓடைப் பக்கம் திரும்பியது. தாய் முன்னங்காலைத் தரையில் ஓங்கி ஊன்றி, காடே அதிரும்படி ஒரு குரல் கொடுத்துவிட்டுக் குட்டியோடு சரிவில் பாய்ந்தது. அந்தக் குரலும் பதிவில் இருக்கிறது.

வீட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சம்மந்தியும் கட்டஞ்சாயாவும் காத்திருந்தன.

ஜனவரி 11, ஞாயிறு – மாறாமலை

இரவே தொடங்கிய மழை காலையிலும் விடவில்லை. இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தை பிறக்கும் தருவாயிலும் வடகிழக்கின் மிச்சம் இப்படி வந்து போகும். மழைக்கோட்டின்மேல் துளி விழும் ஒலியில் பதிவு செய்வதற்கு ஒன்றுமில்லை. குடை அதைவிட மோசம். பதிவு செய்ய யாரும் வெளியே போகவில்லை.

நனைந்த உடுப்புகளை அக்கா அடுப்படிக் கொடியில் போட்டார். கம்பளியை அடுப்புக்குப் பக்கத்திலும் ஃப்ளீஸைத் தூரத்திலும் போட்டதைக் கவனித்துக் கேட்டேன். முன்பு வந்த ஒருவரின் ஃப்ளீஸ் சட்டையில் தீப்பொறி பட்டுச் சல்லடையாகிவிட்டதாம். பாலியஸ்டர் உருகும், கம்பளி கருகி அணைந்துவிடும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார். தீமூட்டி உட்காருகிறவர்களுக்கு இது ஓசையைவிட முக்கியமான விஷயம். ஆட்டுமயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் ஈரமென்று தோலுக்குக் காட்டாது என்பது உண்மை. ஆனால் முழுதாக நனைந்த ஸ்வெட்டர் காய ஒரு பகலும் ஓர் இரவும் கேட்கிறது. ஃப்ளீஸ் மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

மாலையில் கிராம்பு மரங்களைப் பார்த்துவந்தோம். மொட்டுகள் சில இடங்களில் சிவக்கத் தொடங்கியிருந்தன.

ஜனவரி 12, திங்கள் – நாகர்கோவில்

காலையில் இறங்கி, மதியம் நாகர்கோவிலில் உள்ளித்தீயலும் அவியலும் மீன் புளிமுளமும் வைத்துச் சோறு சாப்பிட்டோம். மலையில் கஞ்சி குடித்த வாய்க்கு அந்தப் புளிப்பு மிகவும் இதமாக இருந்தது. இருவருக்கும் 310 ரூபாய்.

பையன் தன் ஜெர்கினை விட்டுவிட விரும்பவில்லை. சூடு தரும், எடை குறைவு, தந்தை வாங்கித்தந்தது. ஆகவே வடசேரியில் அவர்கள் குடும்பத்துக்குப் பழக்கமான தையற்காரரிடம் எடுத்துப் போனோம். அவர் ஜெர்கினை மடியில் போட்டு, கையை மடக்கியும் நீட்டியும் எங்கெங்கே சத்தம் வருகிறது என்று தாமே கேட்டுப் பார்த்தார். முழுவதும் மேலே துணி வைத்துத் தைக்கத் தேவையில்லை, கனமாகிவிடும் என்றார். முழங்கையின் உள்மடிப்பு, அக்குளிலிருந்து இடுப்புவரை கை உரசும் பக்கம், கழுத்துப்பட்டி, இந்த மூன்று இடங்களுக்கு மட்டும் மயிர் எழுப்பிய ஃப்ளானல் துணியை ஒட்டுப்போடலாம். ஊசித்துளை வழியே மழை இறங்கும், மழைக்கு இதை நம்பக்கூடாது என்றும் எச்சரித்தார். வெல்க்ரோவை எடுத்துவிட்டுத் துணி சுற்றிய பொத்தான் வைப்பது அவருடைய யோசனை. சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு துண்டுத் துணியைத் தேடி எடுத்து, இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பையனின் காதருகே பிடித்தார். கூலி 280 ரூபாய்.

பொங்கல் துணிகள் மேசை முழுவதும் குவிந்திருக்கின்றன. பதினெட்டாம் தேதிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.